காற்று எந்தப் பக்கம்?

மே 16, வியாழன்

காலை ஐந்து நாற்பதுக்கு, பொள்ளாச்சி - உடுமலை சாலையில், நடு மிதியில் இருக்கும்போது தியாகு அண்ணன் என் காதுக்குள்ளேயே சொல்லிவிட்டார்: "இந்த எபிசோடோட நான் எறங்கிக்கறனுங்க. அடுத்த வாரத்துல இருந்து பெனிலான்னு ஒரு புள்ள பேசும். நெம்ப வெவரமான புள்ளைங்க. கேளுங்க."

சைக்கிளை ஓரங்கட்டி, பேச்சைப் பின்னால் தள்ளி மறுபடியும் கேட்டேன். அதையேதான் சொன்னார்.

'ஏறி மிதி' பாட்காஸ்ட்டை நான்கு வருடமாக ஒரு வியாழன் விடாமல் கேட்கிறவள் நான். கர்ப்பப்பையை எடுத்து, மகள் சென்னை ஹாஸ்டலுக்குப் போய், வீட்டில் மிக்ஸியைத் தவிர வேறு சத்தமே இல்லாமல் கிடந்த வருடத்தில் கேட்க ஆரம்பித்தேன். "எந்திரிங்க, ஏறி மிதிங்க, ஒடம்பு தானா வரும்" என்று என்னை எழுப்பியது அந்தக் குரல்தான். நாற்பத்திரண்டு வயதில் கியர் சைக்கிள் வாங்கினேன். ஊர் சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை.

இப்போது எனக்கு நாற்பத்தாறு. இந்தக் குரலை ஒரு வெவரமான புள்ளைக்குத் தாரை வார்க்க இவருக்கு யார் உரிமை கொடுத்தது?

சாயங்காலம் அரைத்த மாவில் உப்புப் போட மறந்துவிட்டேன்.

மே 19, ஞாயிறு

எண்பது கிலோமீட்டர். வெயில்.

ஆகஸ்ட் 18ஆம் தேதி நடக்கும் நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். பொள்ளாச்சியிலிருந்து உடுமலை, தாராபுரம், மூலனூர் தாண்டி நூறாவது கிலோமீட்டரில் திரும்பி, அதே வழியில் பொள்ளாச்சி. மொத்தம் இருநூறு. காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு இரவு ஏழரைக்குள் முடிக்க வேண்டும். பின்னால் கார் வரக்கூடாது, யாரும் எதுவும் கொண்டுவந்து தரக்கூடாது. வழியில் இருக்கும் நிலையங்களில் அட்டையில் முத்திரை வாங்கிக்கொண்டே போகவேண்டும். பரிசு கிடையாது. முடித்தவர் பட்டியலில் பெயர் வரும், அவ்வளவுதான்.

போன வருடம் என் பெயர் வரவில்லை. நூற்று ஐம்பத்தெட்டாவது கிலோமீட்டரில் பஞ்சர் ஆகிவிட்டது.

மே 23, வியாழன்

கேட்டேன். கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன், ஆனால் குறை சொல்வதற்காவது கேட்டுத்தானே ஆகவேண்டும்.

ஆரம்பத்தில் நாதஸ்வரம் இல்லை. "வணக்கமுங்க, சக்கரம் சுத்துதுங்ளா?" என்ற விசாரிப்பு இல்லை. வந்ததும் வராததுமாக, வாரத்துக்கு ஐந்து நாள் மிதித்தால் அதில் நாலு நாள் மெதுவாக மிதிக்க வேண்டுமாம். "பைய போங்க. பைய போனாத்தான் பின்னால வேகமாப் போவ முடியும், கேட்டீங்களா?" பைய, பைய, பைய. முப்பது நிமிடத்தில் பதினாறு 'பைய' எண்ணினேன். பிசியோதெரபிஸ்டாம், இருபத்தெட்டு வயதாம். என் சைக்கிள் சீட்டுக்கு இருக்கும் அனுபவம்கூட இருக்காது.

மே 26, ஞாயிறு

நேயர்களின் வாட்ஸப் குழுவில் எல்லோரும் கொதித்துப் போயிருக்கிறார்கள். கொதித்து என்ன, யாராவது ஒருவர் இறங்க வேண்டுமே. இறங்கினேன். 'தியாகு அண்ணனே திரும்ப வேண்டும்' என்று இணையத்தில் ஒரு மனுவை ஆரம்பித்தேன். இரவுக்குள் தொண்ணூற்றொரு கையெழுத்து.

என் வீட்டுக்காரர் தண்டபாணி எட்டிப் பார்த்து, "ஏம்புள்ள, முனிசிபாலிட்டிக்குத் தண்ணி வரலைன்னு மனு எழுதச் சொன்னனே, அதை எழுதிட்டியா?" என்றார். எழுதவில்லை.

ஜூன் 6, வியாழன்

அந்தப் புள்ள இன்று சொன்னது: எல்லோரும் பழைய கணக்கை மறந்துவிட்டு மறுபடியும் இருபது நிமிட சோதனை ஓட்டம் ஓட்ட வேண்டும்.

எனக்கு எதற்கு? அண்ணன் சொன்ன முறையில் போன ஜூனிலேயே ஓட்டி எழுதி வைத்திருக்கிறேன். கேரள எல்லை கோபாலபுரத்திலிருந்து பொள்ளாச்சிப் பக்கமாக இருபது நிமிடம், சராசரி வேகம் முப்பத்து மூன்று. அதில் கால்வாசியைக் கழித்தால் வருவது சாதாரண நாளில் மிதிக்க வேண்டிய வேகம், அதாவது இருபத்தைந்து. ஒரு வருடமாக ஒரு நாள்கூட அந்த இருபத்தைந்தை விட்டுக்கொடுத்ததில்லை. வாயில் நுரை தள்ளினாலும் விட்டதில்லை.

இரவு உட்கார்ந்து மூன்று பக்கக் கடிதம் எழுதி அனுப்பிவிட்டேன். முப்பத்து மூன்றையும் எழுதினேன். நான் யாரென்று தெரியட்டும்.

ஜூன் 12, புதன்

மில்லில் சண்டை. நூல் சோதனைக் கூடத்தில் எனக்கு உதவிக்கு இருக்கும் ரஹ்மத் நிஷா, தறிக்காரர் அவசரப்படுத்தினார் என்று, நூல் கோன்களை ஈரப்பதம் சீராக இருக்கும் சோதனை அறையில் ஒரு நாள் வைக்காமலே பலம் பார்த்து ரிப்போர்ட் கொடுத்துவிட்டாள். ஈரக்காற்றில் இருந்து வந்த நூல் பலமாகத்தான் காட்டும். நூலின் பலமா அது? ஈரத்தின் பலம்.

ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டேன். "எந்த நெலமைல எடுத்தேன்னு தெரியாத நம்பர் நம்பரே இல்ல கண்ணு" என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, அழுதுவிட்டாள். டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

ஜூன் 13, வியாழன்

மானம் போயிற்று.

அந்தப் பெண் என் கடிதத்தை நிகழ்ச்சியில் வாசித்துவிட்டாள். மூன்று பக்கமும், ஒரு வரி விடாமல். 'சைக்கிள் சீட்டு அனுபவம்' உட்பட. வாசித்து முடித்துவிட்டுச் சிரித்தாள். கோபமே இல்லாத சிரிப்பு. அதுதான் எரிச்சல்.

"கோகிலவாணி அக்கா, நாதஸ்வரத்தை எடுத்தது தப்புதான். அடுத்த வாரம் திரும்பப் போட்டிருதேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கட்டா? அந்த முப்பத்து மூணு ஓட்டும்போது காத்து எந்தப் பக்கம் அடிச்சுது? எனக்கு ஊரு ஆரல்வாய்மொழி. எங்க ஊர்ல காத்து எந்தப் பக்கம்னு பாக்காம துணி கூடக் காயப் போட மாட்டோம்."

கோபாலபுரம். ஜூன் மாதம். பாலக்காட்டுக் கணவாய்.

அதற்கு மேல் எழுதப் பிடிக்கவில்லை.

ஜூன் 14, வெள்ளி

சாம்பார், பீன்ஸ் பொரியல். மில். தலைவலி.

ஜூன் 16, ஞாயிறு

யாருக்கும் சொல்லாமல் விடியற்காலையில் கோபாலபுரம் போனேன். மேற்கே கணவாய்க்குள்ளிருந்து காற்று, அணை திறந்துவிட்டது மாதிரி வந்துகொண்டிருந்தது. தென்னை மரமெல்லாம் ஒரே பக்கம் தலை சாய்த்து நிற்கிறது. இந்தச் சாலையில் நான்கு வருடமாக மிதிக்கிறேன், இந்தத் தென்னைகளைப் பார்க்காமலா இருந்தேன்?

கிழக்கே இருபது நிமிடம்: முப்பத்து நான்கு. கொஞ்சம் தண்ணீர் குடித்து, அரை மணி நேரம் ஓய்வெடுத்து, அதே உயிரைக் கொடுத்து மேற்கே இருபது நிமிடம்: பத்தொன்பது.

பத்தொன்பது!

ரஹ்மத்தைக் கிழித்த கிழியை நினைத்துப் பார்த்தேன். பதினெட்டு வருடமாக நூல் சோதிக்கிறேன். அறையில் ஈரப்பதம் ஒரு புள்ளி கூடினால் மெஷினைத் தொட மாட்டேன். அப்பேர்ப்பட்ட நான் முதுகில் காற்றை வாங்கிக்கொண்டு ஓட்டிவிட்டு, அதை என் பலம் என்று நோட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டு, ஒரு வருடம் முழுக்க அந்தப் பொய்யைத் துரத்திக்கொண்டு மிதித்திருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம் போலிருக்கிறது.

அண்ணன் காற்றைப் பற்றிக் கேட்கவே இல்லை. அதை எழுதும்போது கை கொஞ்சம் நிற்கிறது. ஆனாலும் கேட்கவில்லைதானே.

ஜூன் 20, வியாழன்

நாதஸ்வரம் திரும்ப வந்துவிட்டது.

ஜூன் 25, செவ்வாய்

புதுத் திட்டம். வேகத்தைக் காட்டும் மீட்டரின்மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டேன். பெனிலா சொல்வது: மெதுவாக ஓட்டும் நாட்களில் ஒரு முழு வாக்கியத்தை நிறுத்தாமல், சத்தமாகச் சொல்ல முடியவேண்டும். வாக்கியம் நடுவில் அறுந்தால் வேகம் அதிகம். செவ்வாய் மட்டும் கடுமை. எட்டு நிமிடம் மூச்சுமுட்ட, நான்கு நிமிடம் ஓய்வு, இப்படி நான்கு தடவை. ஞாயிறு நீளம். மற்ற நாளெல்லாம் பைய.

என்ன வாக்கியம் சொல்வது? யோசித்துப் பார்த்து எங்கள் மேனேஜரைத் திட்டுவது என்று முடிவு செய்தேன். விஷயத்துக்குப் பஞ்சமில்லை.

ஜூன் 28, வெள்ளி

பால்காரர் மொபெட்டில் தாண்டிப் போனார், சரி. டியூஷனுக்குப் போகும் ஒரு பெண் குழந்தை கூடை வைத்த சைக்கிளில் மணியடித்துத் தாண்டிப் போனாள். போகும்போது திரும்பி வேறு பார்த்தாள். "ஏன் ஆண்ட்டி, டயர்ல காத்து இல்லீங்ளா?" என்று கேட்டாள்.

நான் மேனேஜரை விட்டுவிட்டு அந்தப் பெண் குழந்தையை ஒரு முழு வாக்கியம் திட்டினேன். மனசுக்குள்தான். ஆகவே அது கணக்கில் சேராது.

ஜூலை 7, ஞாயிறு

திட்டப்படி இது ஓய்வு வாரம். ஐந்து நாளாகச் சைக்கிளைத் தொடவில்லை. வீட்டில் உள்ள தகர டப்பா எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். தண்டபாணி பயந்துபோய்ப் பக்கத்துத் தெருவில் இருக்கும் அவர் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

ஜூலை 16, செவ்வாய்

நான்கு எட்டு நிமிடங்களும் முழுசாக முடிந்தன. நான்காவதிலும் கால் இருந்தது! இதுவரை மூன்றாவதிலேயே செத்துப் போன கால் இது.

வீட்டுக்கு வந்து நின்றுகொண்டே ஏழு இட்லி சாப்பிட்டேன். சந்தோஷமாக இருந்தது. வேறு வார்த்தை தேட வேண்டியதில்லை, சந்தோஷம்தான்.

ஜூலை 21, ஞாயிறு

நூற்று முப்பது. மேனேஜரை நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் திட்டியிருப்பேன். கடைசியில் திட்ட எதுவும் மீதமில்லாமல் அவருடைய நல்ல குணங்களைச் சொல்ல வேண்டியதாயிற்று.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மனுவில் நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. ஐந்நூறு ஆனதும் அண்ணனுக்கே அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன். குழுவில், "அக்கா, இன்னும் எம்பத்தெட்டுதான், விடாதீங்க" என்று யாரோ போட்டிருந்தார்கள்.

மனுவை நீக்கிவிட்டேன். நானூறு பேர் என்னைத் துரோகி என்பார்கள். சொல்லட்டும். மனுவைப் போட்டவளே வியாழக்கிழமை ஐந்தரைக்கு எழுந்து அந்தப் பெண்ணின் பேச்சுக்காகக் காத்திருக்கிறாள் என்றால், அந்த மனு இருந்து என்ன செய்ய?

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பெனிலா இந்த வாரம் கேட்டது: "போன தடவ எங்க நிறுத்துனீங்க, ஏன் நிறுத்துனீங்கன்னு ஒரு தாள்ல எழுதுங்க. யாருக்கும் காட்டாண்டாம். உங்களுக்குப் பொய் சொல்லாம இருந்தாப் போதும்."

பஞ்சர் இல்லை. மாமியாரிடம் வயிற்றுக் கோளாறு என்றேன், மில்லில் செயின் அறுந்தது என்றேன், இந்த நோட்டில் பஞ்சர் என்று எழுதினேன். மூன்றும் இல்லை.

போகும்போது முப்பத்திரண்டில் பறந்தேன். பறப்பது நான் என்றே நினைத்தேன். திரும்பியதும் அதே காற்று முகத்தில் அடித்தது. விடாமல் இருபத்தைந்து, இருபத்தைந்து என்று மிதித்தேன். உடுமலைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் முன்னால் ஒரு பஸ் ஸ்டாப் வருகிறது. அங்கே இறங்கினேன். இறங்கியவளால் ஏற முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். தண்டபாணிக்குப் போன் செய்து, "வந்து கூட்டிட்டுப் போங்க" என்றேன். சைக்கிளைக் காரில் போட்டுக்கொண்டு வந்தோம். அவர் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு அவர் ஏதாவது திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

எழுதிவிட்டேன். ஒன்றும் ஆகிவிடவில்லை.

ஆகஸ்ட் 17, சனி

டயர், பிரேக், விளக்கு பார்த்தாயிற்று. கடலை மிட்டாய் பன்னிரண்டு, உப்பு போட்ட எலுமிச்சைத் தண்ணீர் இரண்டு பாட்டில். ஈர வேட்டி கொடியில் நேராக, கிழக்கே நீட்டிக்கொண்டு நிற்கிறது. நாளைக்கு நல்ல காற்று.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

எழுதத் தெம்பில்லை. நாளை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

மில்லுக்கு லீவு. மாடிப்படி இறங்க முடியவில்லை, பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டு இறங்கினேன். ஆற அமர எழுதுகிறேன்.

ஆறு மணிக்கு அறுபத்திரண்டு பேர் புறப்பட்டோம். உடுமலை தாண்டும்போதே முன்னால் ஒருவரும் கண்ணில் படவில்லை. எல்லோரையும் காற்று அள்ளிக்கொண்டு போய்விட்டது. கோவைக்காரப் பையன்கள் நான்கு பேர், "வாங்க ஆண்ட்டி!" என்று கத்திக்கொண்டே பறந்தார்கள். என் காலும் நமநமவென்றது. முதுகில் கை வைத்துத் தள்ளுகிறது காற்று, நான் மேனேஜரைத் திட்டிக்கொண்டு பைய போகிறேன். தாராபுரம் வரும்போது எனக்குப் பின்னால் எட்டுப் பேர்கூட இருந்திருக்க மாட்டார்கள்.

மூலனூர் தாண்டி, நூறாவது கிலோமீட்டரில், வேப்ப மரத்தடியில் மேஜை போட்டு முத்திரை குத்திக்கொண்டிருந்தவர் தியாகு அண்ணன்.

நான்கு வருடமாகக் காதில் இருந்த ஆள். நேரில் குள்ளமாக இருக்கிறார். அட்டையை நீட்டினேன், பெயரைப் பார்த்தார்.

"அட, கோகிலவாணி அம்மணியா! எனக்காக மனுவெல்லாம் போட்டீங்ளாமா? கேட்டு மனசு நெறஞ்சு போச்சுங்க." பிறகு மணியைப் பார்த்தார். "ஏனுங், பத்தே முக்கால் ஆச்சே. போன வருசம் ஒம்பதரைக்கே வந்துட்டீங்கன்னு லிஸ்ட்ல இருக்குது. காத்து பின்னால இருக்கறப்ப அடிச்சு வுட்டிருக்கோணுமுங்க. இனி எதிர்க்காத்து. இப்பவே ஏறி மிதிச்சாத்தான் நேரத்துக்குப் போவீங்க."

அந்தக் குரலே, என் பெயரைச் சொல்லி, ஏறி மிதி என்கிறது. கால் ஒரு நொடி அப்படியே எழுந்தது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

"ணா, அந்த மனுவ நான் எடுத்துட்டனுங்" என்றேன்.

"ஏனுங்க?"

"அந்தப் புள்ள சொல்றது எனக்கு ஒத்து வருதுங்ணா. ஆனா நான் சைக்கிள்ல ஏறுனது உங்களாலதான். அது என்னைக்கும் மாறாதுங்."

முகம் கொஞ்சம் வாடித்தான் போனது. "அப்படீங்ளா" என்றார். முத்திரையைக் குத்தி, அட்டையை இரண்டு கையாலும் கொடுத்தார். அப்புறம் அவருடைய சொந்த வாழைப்பழத்தை எடுத்து, "இது நெலையத்துல எல்லாருக்கும் குடுக்கறதுதானுங்க, ரூல்ஸ்ல வரும், தின்னுட்டுப் போங்க" என்றார். மேஜையில் வேறு பழம் எதுவும் இல்லை.

திரும்பினேன். காற்று முகத்தில் அறைந்தது.

டேப்புக்குப் பின்னால் வேகம் என்னவென்று தெரியாது, ஆனால் மைல்கல் வரும் தாமதத்தில் தெரிந்துவிடுகிறது. பன்னிரண்டு, பதின்மூன்று இருக்கும். மனக்கணக்கு போட்டேன். இந்த வேகத்தில் போனால் ஏழரையைத் தொட்டும் தொடாமலும்தான் போவேன். மிதி, மிதி என்றது புத்தி. வாக்கியம் சொல்லிப் பார்த்தேன், "ஏ காத்தே, உனக்கு வேற சோலியே" என்பதோடு அறுந்தது. கியரை ஒன்று குறைத்தேன். "ஏ காத்தே, உனக்கு வேற சோலியே இல்லியா, வருசா வருசம் என்ற மூஞ்சிலயேதான் வந்து அடிக்கோணுமா?" முழுசாக வந்தது. அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டேன். பருத்திக் காட்டிலிருந்து ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்து, யாரிடம் பேசுகிறாள் என்று தேடினார்.

தாராபுரத்துக்கு முன்னால் முதல் ஆளைத் தாண்டினேன். புளியமரத்தடியில் படுத்திருந்தார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார், ஒருவர் மைல்கல்மேல் உட்கார்ந்திருந்தார். கோவைக்காரப் பையன்கள் நான்கு பேரும் இளநீர்க் கடையில் சுருண்டு கிடந்தார்கள். ஒருவன், "ஆண்ட்டி, எப்படி?" என்றான்.

"பைய" என்றேன்.

நான்கு மணி வாக்கில் காற்று கொஞ்சம் அலுத்துப் போனது. நான் அலுக்கவில்லை! நூற்றைம்பதுக்குப் பிறகு கால் புதுசாக வந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பால்காரருக்கும் டியூஷன் குழந்தைக்கும் வழிவிட்ட அத்தனை காலைகளிலிருந்தும்தான். கியரை ஏற்றினேன். அந்த பஸ் ஸ்டாப் வந்தது. பெஞ்சில் ஒரு தாத்தா பீடி குடித்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே தாண்டினேன். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் வாக்கியம் அறுந்துவிடவில்லை.

பொள்ளாச்சியில் கல்யாண மண்டப வாசலில் கடைசி முத்திரை. மணி ஆறு முப்பத்தொன்று. ஐம்பத்தொன்பது நிமிடம் மீதி! அறுபத்திரண்டு பேரில் பதினான்காவது ஆள். பெயரைப் பட்டியலில் எழுதுவதை நின்று பார்த்தேன். எழுத்துப் பிழையில்லாமல் எழுதினார்களா என்றும் பார்த்தேன்.

ஓரத்தில் எங்கள் கார் நின்றது. தண்டபாணி பின் சீட்டை மடக்கி, பழைய போர்வை விரித்து வைத்திருந்தார், போன வருடம் போலவே.

"எப்ப வந்தீங்க?"

"இங்க இப்பத்தான்." காலால் மண்ணைச் சீய்த்தார். "மூணு மணியில இருந்து அந்த பஸ் ஸ்டாப்புக்கு அந்தாண்ட, புளியமரத்துச் சந்துல நின்னேன். கூட வந்தா ரூல்ஸு ஒத்துக்காதுன்னியே, அதான் கண்ணுல படலை. நீ எறங்கினீன்னா தனியா உக்காந்துட்டு இருப்பியேன்னுதான். நீ என்னடான்னா காத்தைத் திட்டிட்டே போயிட்டே இருக்கறே. நான் சந்து சந்தா சுத்திட்டு இங்க வர்றதுக்குள்ள உசிரு போயிருச்சு புள்ள."

போன வருடம் வழியெல்லாம் அவர் பேசாமல் வந்தது கோபத்தில் இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பேசினால் அவரும் அழுதிருப்பார்.

"சரி, சைக்கிளைக் குடு, ஏத்தறேன்" என்று கை நீட்டினார்.

வீடு இன்னும் நான்கு கிலோமீட்டர், மேற்கே. காற்றுக்கு எதிரே. கால் ஏற்கெனவே பெடலைத் தேடிக்கொண்டிருந்தது.

"நீங்க முன்னால போய் சுடுதண்ணி வையுங்க" என்றேன். "நான் மிதிச்சே வந்தர்றேன்."

அவர் முன்னால் போகவில்லை. காலிக் காரை என் வேகத்துக்கு உருட்டிக்கொண்டு, வீடு வரைக்கும் பின்னாலேயே வந்தார்.